எத்தனை தங்கியது?

“குனிஞ்சு நிமிந்து வேல செஞ்சா பிள்ள சுகமா வந்து விழும்.”

மணப்பாட்டில் மீன் ஏலம் நடக்கும் மணலில் இதைக் கேட்கலாம். ஓலைப்பெட்டி முடையும் திண்ணையில் கேட்கலாம். தூத்துக்குடி உப்பளத்தில் கங்காணி சொல்லவும் கேட்கலாம். அவர் வாயில் வரும்போது அதற்கு வேறு பொருள், அதைப் பிறகு சொல்கிறேன். இந்த வாக்கியத்துக்கு ஒரு மறுபாதி உண்டு. யார் வீட்டிலாவது மாசம் நிறையாமல் குழந்தை பிறந்துவிட்டால் உடனே அது வெளியே வரும்: “இப்ப உள்ளதுகளுக்கு உடம்பு வளையல. மிக்ஸி, கிரைண்டர்னு உக்காந்துட்டா பிள்ள எங்க தங்கும்?”

இதைச் சொல்கிறவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் பக்கம் மூன்று வாதங்கள் இருக்கின்றன. முந்தைய தலைமுறை பிரசவ நாள்வரை வேலை செய்தது, பெற்றது, மறு மாதமே மீண்டும் வேலைக்குப் போனது. இது கண்ணால் பார்த்த சாட்சி. டாக்டர்களே கர்ப்பிணிகளை நடக்கச் சொல்கிறார்கள், இது அறிவியல். கர்ப்பம் நோயில்லை, கர்ப்பிணி நோயாளியில்லை, இது சுயமரியாதை. மூன்றிலும் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை இத்தனை நாள் நிற்கிறது, அதனால்தான் இதை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. ‘சுகம்’ என்றால் என்ன?

முதலில் வார்த்தையையே பிடிப்போம். நம் பேச்சில் சுகப்பிரசவம் என்றால் வயிற்றைக் கிழிக்காமல் பிறப்பது. அது குழந்தை எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்கிறது. குறைப்பிரசவம் என்பதோ 37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது. அது எப்போது வந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். 32 வாரத்தில், ஒன்றரைக் கிலோ எடையில், வலி வந்த சிறிது நேரத்தில் நழுவி வந்து விழுகிற குழந்தையும் நம் கணக்கில் சுகப்பிரசவம்தான். அது சின்னக் குழந்தை என்பதால்தான் அத்தனை லேசாக வந்தது. தாய்க்குத் தையல்கூட இல்லை. குழந்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில்.

ஆக, இந்தப் பழமொழி தன் தோல்வியைக்கூட வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளும். எந்தக் கூற்று தவறினாலும் சரியாகவே தெரியுமோ, அதை வைத்து யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது.

ஆபரேஷன் பெருகியது உட்கார்ந்த பெண்களால்தான் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 விழுக்காடு. அதிலும் அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் ஏறக்குறைய 64. ஒரே மாநிலத்துப் பெண்கள், ஒரே மிக்ஸி, ஒரே கிரைண்டர். கட்டடம் மாறினால் இடுப்பு வளைவது மாறிவிடுமா?

2. பாட்டியின் சாட்சி

பாட்டியிடம் எத்தனை பெற்றாய் என்று கேட்கிறோம். அவள் பெருமையோடு ஒன்பது என்கிறாள். அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும், அதற்கான சொல்லும் நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது: “பெத்தது ஒம்பது, தங்கினது ஆறு.” தங்காத மூன்றும் எந்த மாதத்தில் பிறந்தன, எத்தனை நாள் மூச்சு இருந்தது, யாரும் எழுதிவைக்கவில்லை. குழி தோண்டிய தாத்தாவுக்கு மட்டும் தெரியும்.

1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28 ஆனது, தமிழ்நாட்டில் 13. இந்த இறக்கத்தைக் கொண்டுவந்தது ஆட்டுக்கல்லும் உரலும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தில் குறைமாதக் குழந்தைகள் இல்லாமல் இல்லை. பிழைக்கவில்லை, அதனால் கதையில் இல்லை. “ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது” என்று ஒரு நம்பிக்கையை இதே பாட்டிகள்தானே நமக்குத் தந்தார்கள்? குறைமாதப் பிறப்பே அபூர்வம் என்றால் மாதவாரியாக நம்பிக்கை எதற்கு? (இந்த நம்பிக்கையும் தலைகீழ். வயிற்றில் ஒவ்வொரு வாரமும் கூடக் கூட, பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பழைய கிரேக்க மருத்துவத்திலும் இதே பிழை இருந்தது என்பது நமக்கு ஓர் ஆறுதல்.)

பாட்டி பொய் சொல்லவில்லை. பிழைத்து நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நம் தவறு. பிள்ளைப்பேற்றில் போன அவள் அக்காளை யார் விசாரிப்பது?

3. நடைப்பயிற்சியும் தலைச்சுமையும் ஒன்றா?

டாக்டர் நடக்கச் சொன்னது உண்மை. ஆரோக்கியமான கர்ப்பிணி மிதமாக உடற்பயிற்சி செய்வதால் குறைப்பிரசவம் கூடுவதில்லை. இயல்பான பிரசவத்துக்கு அது கொஞ்சம் உதவவும் செய்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நடையின் இலக்கணத்தைப் பாருங்கள். அரை மணி நேரம், அல்லது சற்று அதிகம். வெயில் தாழ்ந்த பிறகு. கை வீசிக்கொண்டு. மூச்சு வாங்கினால் உட்காரலாம். தாகமெடுத்தால் வீடு பக்கத்தில். மறுநாள் முடியவில்லையென்றால் போக வேண்டாம்.

இப்போது மீன் விற்கும் பெண்ணின் நடை. கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, அலுமினியச் சட்டியைத் தலையில் ஏற்றி, பஸ் பிடித்து, உடன்குடியிலோ சாத்தான்குளத்திலோ இறங்கித் தெருத் தெருவாகக் கூவ வேண்டும். மூச்சு வாங்கினாலும் உட்கார முடியாது, ஐஸ் உருகும். ஐஸ் உருகினால் மீன் கெடும். மீன் கெட்டால் ஏலத்துக்கு வாங்கிய கடன் கெடும். இந்த நடையில் அவள் எப்போது நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஐஸ்கட்டி.

இரண்டுக்கும் ‘உடலுழைப்பு’ என்று ஒரே பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. ஆராய்ச்சியாளர்கள் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். 2000-இல் எலன் மொசர்கெவிச்சும் அவர் சகாக்களும் அதுவரை வந்த 29 ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பெண்களின் விவரங்களை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். கடும் உடலுழைப்புள்ள வேலையில் இருப்பவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு 22 விழுக்காடு கூடுதல். நெடுநேரம் நின்று செய்யும் வேலையில் 26. ஷிப்டு, இரவு வேலையில் 24. வேலைநேரம் நீண்டது என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொகுப்பில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் வாரம் 40 மணி நேரம் தாண்டினால் சற்றே கூடியது. நின்று, தூக்கி, குளிரில், சத்தத்தில் என்று களைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் வேலையில்தான் எண் எகிறியது: 63 விழுக்காடு.

களைப்பை இப்படிக் கூட்டிக் கணக்கிடும் வழக்கம் பிரான்சில் தொடங்கியது. நிக்கோல் மாமெல் குழுவினர் 1984-இல் வேலைக் களைப்புக்கு ஐந்து ஊற்றுகளைக் குறித்தார்கள்: நிற்கும் நிலை, எந்திரத்தோடு வேலை, உடல் பாரம், மனப் பாரம், சுற்றுச்சூழல். தூத்துக்குடியில் இறால் உரித்துப் பதப்படுத்தும் கூடம் ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். ஈரத் தரையில் நின்றபடி, ஐஸ் தண்ணீரில் கைவிரல் விறைக்க, எடைக்கு இவ்வளவு கூலி என்ற பரபரப்பில் வேலை. ஐந்தில் எது இல்லை?

“22, 26 எல்லாம் பெரிய எண்ணா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பெண்ணைத் தனியாக எடுத்தால் பெரிய எண் இல்லை. முன்பே குறைமாதத்தில் பெற்றவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்தவள், ரத்தக் கொதிப்புள்ளவள் ஆகியோரின் அபாயம் இதைவிடப் பெரிது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் 2020-இல் உலகில் மாசம் நிறையாமல் பிறந்தவை ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள்; இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம், வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. சிறிய விழுக்காட்டை இந்த எண்ணோடு பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அது சிறியதா என்று. மேலும் அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி தலைக்குமேல் கூரையும் பக்கத்தில் கழிப்பறையும் உள்ள நாடுகளில் நடந்தவை. நம் உப்பளத்தில் கூரையே இல்லை.

4. வெயில், தண்ணீர், மூத்திரம்

இந்த மூன்றாவது சொல்லை அச்சில் பார்க்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தால்தான் இந்தக் காரணம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

உப்பளத்தில் வேலை விளைச்சலோடு ஓடுவது. விளைச்சல் வெயிலோடு ஓடுவது. வெயில் ஏற ஏற உப்பு விளையும். எந்த மாதங்களில் மனிதர் வெளியே நிற்கக் கூடாதோ அந்த மாதங்களே சீசன். பாத்தியில் உப்பு நீர், சுற்றிலும் வெள்ளை. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து தெறிக்கும் வெயில் ஒன்று. வாரிக் குவித்த உப்பைப் பெட்டியில் அள்ளி, வரப்பில் நடந்து, அம்பாரத்தில் கொட்ட வேண்டும். ராஜம் கிருஷ்ணன் இந்த உப்பளங்களை வைத்து ‘கரிப்பு மணிகள்’ நாவல் எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எந்திரம் சில இடங்களில் வந்திருக்கிறது. வெயில் குறையவில்லை.

சூடு ஏறும்போது உடல் தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. நச்சுக்கொடிக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. வியர்த்துத் தண்ணீர் வற்றினால் கர்ப்பப்பை சுருங்கத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன. வெப்பத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் உள்ள தொடர்பு ஊகம் இல்லை. 27 நாடுகளின் 70 ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது குறைப்பிரசவ வாய்ப்பு 5 விழுக்காடு கூடுகிறது, வெப்ப அலை நாட்களில் 16 விழுக்காடு கூடுகிறது என்றது. நம் மாநிலத்துக் கணக்கும் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. ஏறத்தாழ பாதிப்பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கருச்சிதைவும் குறைப்பிரசவமும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் கருவையே தங்கவிடாத வெயில் எட்டாம் மாதத்தில் மட்டும் இரக்கம் காட்டும் என்று எதை வைத்து நம்புவது?

“தண்ணி குடிச்சா போச்சு” என்பார்கள். குடிக்க மாட்டாள். ஏன்? குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் எங்கே? கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம், ஒரு பனைமரம்கூட மறைவுக்கு இல்லை. ஆண்கள் வரப்பு ஓரம் நின்றுகொள்கிறார்கள். பெண்கள் காலையில் வீட்டில் போனால் மறுபடி வீட்டில்தான். அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். கர்ப்பிணிக்கு அடிக்கடி முட்டும் என்பதால் அவள் இன்னும் குறைத்துக்கொள்கிறாள். குறைவாகக் குடித்து நெடுநேரம் அடக்கினால் சிறுநீர்த் தொற்று. கர்ப்ப காலத்தில் அந்தத் தொற்று வலி தெரியாமலே இருந்துவிடலாம், சிறுநீரகத்துக்கு ஏறலாம், காலத்துக்கு முன்னால் வலியைக் கிளப்பலாம். குறைப்பிரசவக் காரணங்களில் தொற்று என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் முன்வரிசையில் இருப்பது. ஒரு கழிப்பறையும் ஒரு பானைத் தண்ணீரும் இல்லாததில் தொடங்கிக் கண்ணாடிப் பெட்டியில் முடிகிற சங்கிலி இது. இதில் எந்தக் கண்ணியில் அவள் ‘வளையாத உடம்பு’ வருகிறது?

சரி, உப்பளத்தை விட்டு ஊருக்குள் வருவோம். திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிக் கிணறுகள் உப்பாகிவருவது எல்லோரும் அறிந்தது. வங்கதேசக் கடற்கரையில், குல்னா மாவட்டத்து தாக்கோப்பில் செய்த ஆய்வுகள், உப்பு ஏறிய குடிநீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பும் முன்சூல்வலிப்பும் கூடுவதைக் காட்டின. ரத்தக் கொதிப்பு முற்றினால் தாயைக் காப்பாற்ற டாக்டரே குழந்தையை முன்கூட்டி எடுத்தாக வேண்டும். நம் கடற்கரையில் இதை யாராவது அளக்க வேண்டாமா? நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமப்பதும் அவள்தான் என்பது தனிக் கணக்கு. அது எந்தக் களைப்புப் பட்டியலிலும் வருவதில்லை.

ரத்தசோகையை ஒரு வரியில் சொல்லிக் கடக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் சொல்லியாகிவிட்டது: அதே 2019–21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காடு. மீன் விற்பவள் மீனை விற்றுவிட்டுக் கஞ்சி குடிக்கிறாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. “வேண்டாம்னா நின்னுக்கலாமே, யார் கட்டாயப்படுத்துனா?”

இப்போது கங்காணிக்கு வருகிறேன். அவர் அந்தப் பழமொழியைச் சொல்வது பிரசவத்தைப் பற்றியே இல்லை. ஏழாம் மாதத்தில் ஒரு பெண் “இன்னைக்கு முடியல” என்றதற்கு அது பதில். பாட்டி பாசத்தில் சொன்னதை அவர் இலவசமாக எடுத்துக்கொண்டார். நாம் ஒவ்வொரு தடவை அதைச் சொல்லும்போதும் அவருக்காகவும் சொல்கிறோம்.

நிற்கலாம்தான். நின்றால் அன்று கூலி இல்லை. நாலு நாள் நின்றால் அந்த இடத்தில் வேறொருத்தி. சட்டம் இல்லையா என்றால், இருந்தது, நன்றாகவே இருந்தது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட வாரங்களில் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்க வேண்டிய வேலையோ தரக் கூடாது என்றது. மொசர்கெவிச்சுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு முன்னால் நம் நாடாளுமன்றம், நெடுநேரம் நிற்பது கர்ப்பத்துக்குக் கெடுதல் என்று எழுதிவைத்துவிட்டது. 2017-இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. ஆனால் யாருக்கு? முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். கங்காணியின் நோட்டில் பெயருக்குப் பதில் கோடு போட்டிருக்கும் பெண் எதைக் காட்டுவாள்? மீன்காரிக்கு முதலாளியே கிடையாது. அவள் யாரிடம் போய்க் கேட்டுக்கொள்வது, ஐஸ்கட்டியிடமா?

தமிழ்நாடு அரசு 2021-இல் தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை ஓராண்டாக்கியது. நல்ல காரியம், வரவேற்கிறேன். மீன்காரிக்கும் உப்பளத்துப் பெண்ணுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இருக்கிறது: ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய், தவணையில். அதையும் குறைசொல்லவில்லை, பல மாநிலங்களில் அதுகூட இல்லை. ஆனால் ஒருத்திக்கு ஓராண்டுச் சம்பளத்தோடு ஓய்வு, இன்னொருத்திக்கு ஒரு சீசனின் சில வாரக் கூலி. இருவரின் கர்ப்பப்பையும் ஒரே தசைதானே?

இதே கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். அரசு ஆணை போட்டிருக்கிறது, நிவாரணமும் கொடுக்கிறது. சினை மீனுக்கு ஓய்வு தேவை என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. நீந்தாமல் கிடந்தால் முட்டை சுகமாக வராது என்று யாரும் பழமொழி சொல்வதுமில்லை.

6. “அப்படின்னா வீட்டுல கிடக்கட்டும்”

இதுவும் வேண்டாம். நான் மறுக்கும் கட்சிக்கு எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், பெண் வீட்டோடு இருந்தால் பிள்ளை தங்கும் என்பது அவர்கள் கொள்கை. படுக்கையில் போட்டுவைத்தால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை; அசையாமல் கிடந்தால் ரத்தம் உறைவது போன்ற புதுத் தொல்லைகள் வரும். கூலி நின்றால் முட்டையும் கீரையும் நிற்கும், ரத்தசோகை ஏறும். வீட்டில் ‘சும்மா’ இருப்பவள் தூக்கும் குடத்தையும் ஊதும் அடுப்பையும் இந்தக் கட்சி வேலை என்றே எண்ணுவதில்லை. இரண்டு கட்சிகளும் சண்டை போடுவதுபோல் தெரியும். குழந்தை முன்கூட்டிப் பிறந்த அன்று இரண்டும் ஒரே விரலை ஒரே பெண்ணை நோக்கித்தான் நீட்டுகின்றன: நீ வேலை செய்யவில்லை, அல்லது நீ வேலை செய்தாய்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. பாத்திகளுக்கு நடுவே நிழலோடு ஒரு கொட்டகை, கதவுள்ள ஒரு கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். இறால் கூடத்தில் கர்ப்பிணிக்கு ஒரு ஸ்டூல். ஏழாம் மாதம் தொடங்கிய மீன்காரிக்குத் தடைக்கால நிவாரணம்போல மாதாமாதம் ஒரு தொகை. அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடந்தது. அதாவது ஒவ்வொரு கர்ப்பிணியும் எப்படியும் ஒரு செவிலியர் முன்னால் வந்து உட்காருகிறாள். எடை பார்த்து, ரத்தக் கொதிப்பு பார்த்து முடித்ததும் அவளிடம் நான்கு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறாய்? எத்தனை கிலோ தூக்குகிறாய்? வேலைக்கு நடுவில் எத்தனை தரம் தண்ணீர் குடிக்கிறாய்? இன்று காலையிலிருந்து ஒதுங்கினாயா?

மணப்பாட்டு ஏலக்கரையில் அந்தப் பழமொழியைச் சொல்லும் ஆச்சியிடமும் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று கேள்விக்குச் சிரிப்பாள். நாலாவதுக்குச் சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டுதான் பதில் சொல்வாள்.